பேட்டரி தீர்ந்தவர்களுக்கு ஒரு சேதி

கீய்ய் என்று ஒரு சத்தம்.

மாடிப்படி பாதி ஏறும்போதே அது வையாபுரிக்குக் கேட்டுவிட்டது. கொசுவைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்தால் எப்படிக் கத்துமோ அப்படி, மெலிசாக, விடாமல்.

"கத்துதுங்க அம்மிணி," என்று படியிலிருந்தே குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அது வீண் என்று உறைத்தது. மேலே போய், கதவைத் தள்ளி, அவள் கண்ணில் படும்படி நின்று தலையை ஆட்டினார்.

அரசி குவித்திருந்த உள்ளங்கையை விரித்தாள். நடுவில் ஒரு காது மிஷின், முந்திரிப் பருப்பு அளவுக்கு. கைக்குள் வைத்து மூடினால் கத்தும். கத்தினால் அதற்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சத்தம் அரசியின் காதுக்கு எட்டாது. தாயோடு விசைத்தறிப் பட்டறையிலேயே வளர்ந்தவள். இருபது வயதுக்குள் மெலிசான சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. குருவி போனது. கொலுசு போனது. பிறகு படித்து, அடுத்தவர் காதைச் சோதிக்கிற தொழிலுக்கு வந்தாள். தன் இரண்டு காதிலும் மிஷின் மாட்டிக்கொண்டாள். அப்படியும் இந்தக் கீய்ய் மட்டும் பிடிபடவில்லை.

வையாபுரி கபடிப் போட்டிகளுக்கு மைக் பிடித்து வர்ணனை செய்கிறவர். இருபத்தைந்து வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது போயிருக்குமோ என்று பயந்து, போன வருஷம் சோதித்துக்கொள்ள வந்தார். அவள் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க காது நல்லா இருக்குதுங்ணா. எனக்குத்தான் ஒரு நல்ல காது வேணும். பகல்ல சும்மா இருந்தா வாங்க. தொழிலையும் சொல்லித் தர்றேன்."

அன்றிலிருந்து அவர் சீடர். சீடருக்கு ஐம்பத்து நாலு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

அந்தத் திங்கட்கிழமை அவர் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

குமாரபாளையத்தில், மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறைக் கடை அது. அங்கே மிஷின் வாங்கிப் போனவர்கள் இருநூற்று நாற்பது பேர். முக்கால்வாசி தறி ஓட்டினவர்கள். மூன்றாம் மாதம் கையிலிருக்கிற பேட்டரியெல்லாம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் மிஷின் பீரோவுக்குள் போகும். போனது போனதுதான். கடையை நடத்துகிற கோயம்புத்தூர்க் கம்பெனி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கெடு வைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம். பழைய ஆட்களில் முப்பது பேராவது திரும்பி வரவேண்டும். வராவிட்டால் கடையைச் சேலத்துக் கடையோடு சேர்த்துவிடுவார்கள். சேலத்துக்குப் பஸ் ஏறி, கண்டக்டர் கேட்பது விளங்காமல் முழித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் யாரும் வரப்போவதில்லை. அது இருவருக்குமே தெரியும்.

வையாபுரி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்ணா."

"முகாம் சேதியை எழுத்துல அனுப்பறதுங்களா, படமா அனுப்பறதுங்களா?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"எழுத்தை யாருங்க பாக்கறாங்க? பேங்க்காரன் அனுப்பறான், கேஸ்காரன் அனுப்பறான், எல்லாம் ஒரே பொடி எழுத்து. பாக்காமயே தள்ளி விட்டுருவாங்க. படம்னா ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க. படத்தோட குரலும் சேந்துச்சுன்னா..." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ரெண்டு நாளா உக்காந்து பண்ணியிருக்கறனுங்க."

நாதஸ்வரம் முழங்கியது. நெட்டில் எடுத்த வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர், காதில் மிஷினோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பின்னால் வையாபுரியின் குரல் எழுந்தது. இதோ களத்தில் இறங்குகிறது காது மிஷின் முகாம் என்று ஆரம்பித்து, கடைசி ரைடு போகிற ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற மூச்சு முழுவதையும் அதில் கொடுத்திருந்தார்.

அரசி கடைசி வரை பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்களா?"

"உங்க குரல் நல்லா இருக்குதுங்ணா."

"அப்ப அனுப்பிரலாங்களா?"

அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். வந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"அனுப்புங்க," என்றாள்.

செவ்வாய் போனது. புதன் மதியமும் போனது.

ஒரே ஒரு பதில் வந்தது. ஒரு ரோஜாப்பூ படம், அதன்மேல் 'இனிய காலை வணக்கம்'. அதுவும் தினம் எல்லோருக்கும் அனுப்புகிற ஆள் அனுப்பியது.

வையாபுரி போனை மேசைமேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கூட்டம் கலைந்த மைதானத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேருதான் இருக்கப் போறமாட்டத் தெரியுது," என்றார். "எங்கீங்க தப்பு?"

அரசி வலது காதிலிருந்த மிஷினைக் கழற்றினாள். இடது காதில் இருந்ததையும் கழற்றினாள். இரண்டையும் அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இப்பப் போட்டுக் காட்டுங்ணா," என்றாள். தன் சத்தம் தனக்கே கேட்காததால் கொஞ்சம் உரக்க வந்தது.

அவர் வீடியோவைப் போட்டார். நாதஸ்வரம் அறையை நிறைத்தது. அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். ஒரு நிமிஷம் முடிந்தது.

"தாத்தா சிரிக்கறார்," என்றாள். "அப்புறம்?"

வையாபுரி போனைக் கவிழ்த்து வைத்தார்.

பேட்டரி தீர்ந்து காது கேட்காமல் இருக்கிறவர்களை, பேட்டரி வாங்க வாருங்கள் என்று அவர் குரல் கொடுத்துக் கூப்பிட்டிருந்தார்.

முதலில் காது மடல் சுட்டது. பிறகு, அடக்க அடக்க, அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவள் மிஷின்களை மாட்டிக்கொள்ளும் வரை பொறுத்திருந்து கேட்டார்: "திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாமுங்களே அம்மிணி."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டனுங்க."

"பாதிப் பேரு பட்டன் போனுங்ணா. அவங்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை."

"சரி விடுங்க. எழுத்துலயே அனுப்பிரலாம்," என்று அவர் ஒரு காகிதத்தை இழுத்தார். குனிந்து நெடுநேரம் எழுதினார். எழுதினதை எழுந்து நின்று படித்தார். "பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே, தங்கள் செவித்திறனை மீட்டெடுக்க ஓர் அரிய, பொன்னான வாய்ப்பு..."

அரசி கீழே போய் மருந்துக்கடைக்காரரின் பட்டன் போனை வாங்கி வந்தாள்.

"இதுக்கு அனுப்புங்க."

அனுப்பினார். போன் ஒரு தடவை நடுங்கியது. தீப்பெட்டி அகலத் திரையில் 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையா' என்று வந்து நின்றது.

"மிச்சம்?" என்றாள்.

"கீழ தள்ளித் தள்ளிப் பாக்கோணுமுங்க."

"கண்ணாடியைத் தேடிப் போட்டுட்டா?"

வையாபுரி காகிதத்தை நாலாக மடித்தார்.

அவள் அவருடைய போனை வாங்கி நின்றபடியே தட்டினாள். *பேட்டரி வந்திருக்கு. ஞாயிறு காலை 9 மணி. கடைக்கு வாங்க. அரசி.*

"இது என்னங்க, மொட்டையா இருக்குது. ஒரு வணக்கங்கூட இல்லையே."

"என் பேரு இருக்குதுல்லங்ணா."

அவருக்கு மனசே இல்லை. என்றாலும் இருநூற்று நாற்பது பேருக்கும் அனுப்பினார்.

பொழுது சாய்வதற்குள் பதில் வர ஆரம்பித்தது. சரிங்க என்றார் ஒருவர். அன்னிக்குப் பேத்திக்குக் காது குத்து, மத்தியானம் வந்தா ஆகுமா என்றார் இன்னொருவர். ஒருவர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, நீ இன்னும் அங்கதான் இருக்கியா கண்ணு, கடையை எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் என்று அனுப்பியிருந்தார். அரசி அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்றவர்கள் பதினோரு பேர்.

"இன்னும் பத்தொம்பது வேணுமுங்க," என்றார் வையாபுரி. பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு பெயராக இறங்கினார். "அம்மிணி, இதுல பாதிப் பேரு பள்ளிக்கூடமே போகாதவங்க. மாராக்கா இருக்கறாங்க, அவங்க பட்டறையிலயே நாலஞ்சு பேரு இருக்கறாங்க. குரலும் ஆகாது, எழுத்தும் ஆகாது. இவங்களை எப்படிங்க கூப்பிடறது?"

அரசி சோதனை அறைக்குள் போகக் கிளம்பியவள், கதவில் கையை வைத்தபடி நின்றாள்.

"எங்கம்மா ஆறு தறி பாத்தாங்க. நான் அந்தக் கடைசியில ரெண்டு தறி."

"சரீங்க."

"பட்டறைக்குள்ள யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கேக்காது. முதுகைத் தட்டவும் மாட்டாங்க. தறி ஓடறப்பத் தொட்டா, தூக்கிவாரிப் போட்டுக் கை உள்ள போயிரும்."

"அப்பறம் எப்படிங்க கூப்பிடுவாங்க?"

"அம்மா வந்து, என் துணி மேல நிழல் விழற மாதிரி நிப்பாங்க. நான் நூலையே பாத்துட்டு இருப்பேன். துணி கருக்கும். அம்மா வந்திருக்காங்கன்னு தெரியும். நானே திரும்புவேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வையாபுரி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

பட்டறை வாசலிலேயே சத்தம் நெஞ்சில் மோதியது. உள்ளே முப்பது தறி. மாராக்கா நடுவரிசையில், முதுகைக் காட்டி நின்றிருந்தார். அறுபது வயது. தலைமுடியெல்லாம் பஞ்சு. பழக்க தோஷத்தில் வையாபுரி 'மாராக்கா' என்று ஒரு குரல் விட்டார். இரண்டு மைதானம் தாண்டிக் கேட்கிற குரல் அது. அன்றைக்கு அவருடைய காதுக்கே வந்து சேரவில்லை.

அவர் நடந்து போய், டியூப் லைட்டுக்கும் துணிக்கும் நடுவே நின்றார். வெள்ளைத் துணிமேல் அவருடைய தலை நிழலாக விழுந்தது.

மாராக்கா திரும்பினார். திடுக்கிடவில்லை. யாரென்று பார்த்து, சிரித்து, என்ன என்று தாடையை உயர்த்தினார்.

வையாபுரி காதைத் தொட்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கையை ஆட்டினார், விரலை நீட்டினார், கடையிருக்கிற திசையைக் காட்டினார். பக்கத்துத் தறிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாராக்கா அவருடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி தானே செய்து காட்டினார். காதைத் தொட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பொட்டளவு காட்டினால் அது பேட்டரி. இரண்டு உள்ளங்கையையும் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கினால், தறி நிற்கிற நாள். அது ஞாயிற்றுக்கிழமை. பிறகு ஒன்பது விரல். பிறகு இரண்டு விரலால் நடை. ஒவ்வொன்றுக்கும் உதடும் கூடவே அசைந்தது.

வையாபுரி போனை எடுத்துக் காட்டினார். படம் பிடிக்கட்டுமா?

மாராக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். போனை நேராகப் பார்த்து, முதலிலிருந்து செய்தார். இருபது நொடி.

கடைக்குத் திரும்பியதும் வையாபுரி அதிலிருந்த தறிச் சத்தத்தை எடுத்துவிட்டார். வேறு எதையும் சேர்க்கவில்லை. அரசியிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் ஞாயித்துக்கிழமையை இப்படித்தாங்ணா சொல்லுவாங்க," என்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு தடவை இறக்கிப் பார்த்துக்கொண்டாள். "அனுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு முன்பே படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டன் போனில் சேதியைத் திறந்து, அழிந்துவிடுமோ என்று பயந்து, அப்படியே ஏந்திக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். பேரப்பிள்ளையின் போனில் மாராக்காவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வாசலிலேயே வையாபுரியிடம் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். பீரோ வாசனையடிக்கிற மிஷின்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கத்துதுங்களா, கத்துதுங்க என்று காலை முழுக்க அவருக்கு அதே வேலை. ஒரு பெரியவர் மிஷினை மாட்டியதும் தன் மனைவியைப் பார்த்து, "நீ இத்தனை நாளா இப்படியா கத்திட்டிருந்தே?" என்றார். "நீங்க கேட்டாத்தானே," என்றாள் அந்தம்மா.

மூன்று மணிக்கு வரத்து நின்றது. கம்பெனியிலிருந்து வந்திருந்த ஆள் பேனாவை மூடினார். நல்ல மாதிரியான ஆள்தான்.

"இருபத்தொம்பதுங்க," என்றார். "அஞ்சு மணி வரைக்கும் நான் இருக்கறேன். ஆனா என்னால கூட ஒண்ணு எழுத முடியாதுங்க. ஒவ்வொண்ணுக்கும் மிஷின் நம்பர் போட்டாகணும்."

வையாபுரி ஜன்னலுக்குப் போனார். தெருவைப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அரசி, வந்தவர்கள் கழுவக் கொடுத்துவிட்டுப் போன மிஷினோடு காதுக்குள் செருகுகிற ரப்பர் அச்சுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, அவற்றில் ஒட்டியிருந்த காதழுக்கை ஒரு சின்னப் பிரஷ்ஷால் எடுக்க உட்கார்ந்தாள்.

நாலரை இருக்கும். ஒரு ஆள் படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது, தறிக்காரர் என்று சட்டைப் பஞ்சே சொன்னது. கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து கைக்குட்டையில் முடிந்த ஒரு மிஷினையும் ஒரு பட்டன் போனையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் நாச்சிமுத்துங்க. அத்தாயம்மா மகன்," என்றார். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய குரல். "அம்மா தை மாசம் தவறிட்டாங்க. போன் மட்டும் எங்கிட்ட ஓடிட்டிருக்குது. கடைக்கு வாங்க, அரசின்னு போட்டு அதுக்குச் சேதி வந்துச்சு. பேர் போட்டுக் கூப்பிட்டிருக்கறீங்க. அவங்களால வர முடியலை. அதான் நான் வந்தனுங்க. இது யாருக்காச்சும் ஆகுமான்னு பாருங்க."

அரசி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டார் வையாபுரி.

"பஸ்லதானுங்க வந்தேன்," என்றார் நாச்சிமுத்து.

வையாபுரியும் அரசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கம்பெனி ஆள் கைக்குட்டையிலிருந்த மிஷினைத் திருப்பி, நம்பரைப் படித்தார். பட்டியலில் தேடினார். பேனாவைத் திறந்தார்.

"பட்டியல்ல இருக்கறது மிஷின் நம்பருங்க. மிஷின் வந்திருக்குது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுதினார். முப்பது. காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "சேலம் பேச்சு இனி வராதுங்க," என்று அரசியிடம் சொல்லிவிட்டு, நாச்சிமுத்துவுக்கு ஒரு கும்பிடு போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஆறு நாளாக வையாபுரி காத்திருந்த சொல் அது. வந்துவிட்டது. ஆனால் செத்துப்போன ஒரு தாயைக் கடைக்கு வாங்க என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். மகன் எதிரே நிற்கிறார். சேதி அனுப்பியது யார், முப்பது என்று எண்ணியது எதற்கு, எதுவும் மகனுக்குத் தெரியாது. உட்காரச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வையாபுரி குனிந்து, அரசிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "பெரிய தப்புப் பண்ணிட்டனுங்க அம்மிணி. இவருகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லோணும். சொன்னா இவருக்கும் கேக்காதாட்ட இருக்குது. ஒரு காகிதத்துல எழுதிக் காட்டட்டுங்களா? இல்லை, போன்ல ஏதாச்சும்..."

அரசி எழுந்தாள். ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டு, அதில் நாச்சிமுத்துவை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். இன்னொன்றை அதற்கு நேரெதிரே, முட்டி இடிக்கிற நெருக்கத்தில் போட்டாள். சாயங்கால வெயில் அந்த நாற்காலிமேல் முழுதாக விழுந்தது.

"வெளிச்சத்தைப் பாத்து உக்காருங்ணா," என்றாள். "உங்க வாய் அவருக்குத் தெரியட்டும்."

வையாபுரி உட்கார்ந்தார். வெயிலில் கண் கூசியது.

அரசி தன் இடத்துக்குப் போய், தண்ணீரில் கிடந்த அச்சை எடுத்து, பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.